துருவியும் இருபத்து மூன்றாம் எண்ணும்

எங்கள் அலுவலகத்தில் அவளுக்குத் துருவி என்று பட்டப்பெயர் வைத்தது நான்தான். எதையும் துருவித் துருவிக் கேட்பாள். தலைவலிக்கு மாத்திரை வாங்கினேன் என்று யாராவது சும்மா சொல்லிவிட்டால் போதும். எந்தக் கடை, ஏன் அந்தக் கடை, கடைக்காரர் என்ன சொன்னார், தண்ணீரோடு போட்டீர்களா காப்பியோடா என்று பத்து நிமிடம் ஓடும். பதில் சொல்பவருக்கு அதற்குள் தலைவலியே விட்டுப்போயிருக்கும்.

அவள் வேலையே அதுதான். மருந்து சம்பந்தப்பட்ட சந்தை ஆய்வு. ஒரு மருந்தை மக்கள் ஏன் வாங்குகிறார்கள், ஏன் பாதியில் நிறுத்துகிறார்கள் என்று மருந்து நிறுவனங்களுக்குத் தெரிய வேண்டும். டாக்டருக்குக் கேட்க நேரமில்லை. இவள் ஆட்களை வரவழைத்து, நேர்காணல்காரரை வைத்துக் கேட்கிறாள். நான் குறிப்பெடுப்பவள். பதினோரு வருடமாக எழுதி எழுதி என் விரல் தேய்ந்ததுதான் மிச்சம்.

எங்களிடம் அடுத்தடுத்து இரண்டு அறைகள், நடுவே ஒரு பெரிய கண்ணாடி. பேச வந்தவர் பக்கத்திலிருந்து பார்த்தால் அது முகம் பார்க்கும் கண்ணாடி. எங்கள் பக்கத்திலிருந்து ஜன்னல். பின்னால் ஆள் இருப்பதை முன்கூட்டியே சொல்லித்தான் உட்காரவைப்போம். சொல்லி என்ன, ஐந்தே நிமிடத்தில் மறந்துவிடுவார்கள். ஒரு அம்மா என் மூக்குக்கு நேராக நின்று நிதானமாகப் பல் குத்தினார். நான் பிஸ்கட்டைக் கீழே வைத்துவிட்டேன்.

வருபவர்களின் பெயர் எங்களுக்குத் தெரியாது, எண் மட்டும்தான். பேசியது அந்த அறையைத் தாண்டக் கூடாது. இந்த விஷயத்தில் துருவி சரியான முசுடு. ஒருமுறை லிஃப்டில் ஒருவருடைய மூலநோய்க் கதையைச் சிரித்துக்கொண்டே ஆரம்பித்தேன். "அவர் இப்ப இந்த லிஃப்ட்ல நின்னா சொல்லுவியா?" என்றாள். அப்புறம் இரண்டு நாள் என்னோடு பேச்சு வார்த்தை இல்லை. எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வந்தது. ஆனால் அவள் சொன்னது சரி, அதனால்தான் அவ்வளவு கோபம்.

அவள் வீட்டில் கணவர், மாமனார், ஆறு வயதுப் பெண். மாமனார் பஸ் ஓட்டுநராக இருந்து ஓய்வு பெற்றவர். மருமகள் கம்ப்யூட்டரில் ஏதோ கணக்குப் பார்க்கிறாள் என்பதுதான் அவருக்குத் தெரிந்தது. அவருக்கு ரத்த அழுத்தம். மாத்திரை சாப்பிட்டும் அது குறையவில்லை, கால் வேறு வீங்கியிருந்தது. அடுத்த புதன்கிழமையும் குறையாவிட்டால் இன்னொரு மாத்திரை சேர்த்துவிடுவேன் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அதையே நினைத்து இவள் மத்தியானச் சாப்பாட்டைப் பாதியில் மூடிவைப்பாள்.

அந்த வாரம் நடந்த ஆய்வும் ரத்த அழுத்த மாத்திரை பற்றித்தான். நாற்பது பேர். டப்பா மூடி திறக்கக் கடினமாக இருப்பதால்தான் மக்கள் மாத்திரையை நிறுத்துகிறார்கள் என்று மருந்து நிறுவனத்துக்கு ஒரு சந்தேகம். ஆள் சேர்க்கும்போது தொலைபேசியில் முதலில் கேட்பது ஒரே கேள்வி. உங்கள் வீட்டில் யாராவது சந்தை ஆய்வு வேலையில் இருக்கிறார்களா? ஆமாம் என்றால் வணக்கம் சொல்லி வைத்துவிடுவோம். தொழில் தெரிந்த வீட்டு ஆளின் பதில் எங்களுக்கு ஆகாது.

இருபத்து மூன்றாம் எண்காரர் அந்தக் கேள்விக்கு 'இல்லை' என்று சொல்லித்தான் வந்திருந்தார். தேய்த்த சட்டை, படிய வாரிய தலை. துருவி வெளியே யாரோடோ தொலைபேசியில் பேசிக்கொண்டிருந்ததால் கண்ணாடிக்குப் பின்னால் நான் மட்டும். எங்கள் நேர்காணல்காரர் பேச்சைத் தொடங்கிக் கால் மணி நேரம் ஆகியிருந்தது. துருவி இரண்டு தேநீர்க் கோப்பைகளோடு உள்ளே வந்தாள். அப்போது அவர் சொல்லிக்கொண்டிருந்தார்.

"வாரத்துல அஞ்சு நாள் மாத்திரை போடுறதில்ல சார். மருமக தினமும் கேப்பா, மாத்திரை போட்டீங்களா மாமான்னு. போட்டாச்சும்மான்னு சொல்லிடுவேன். பாவம், நம்பிடுவா."

தேநீர் என் நோட்டில் கொட்டியது.

"எங்க மாமாடி," என்றாள் துருவி.

"ஏன் போடுறதில்ல?" என்று அங்கே நேர்காணல்காரர் கேட்டார். பதில் வருவதற்குள் இவள் கோப்பைகளை அப்படியே வைத்துவிட்டு வெளியே போய்க் கதவைச் சாத்தினாள். நான் உட்கார்ந்து முழுவதையும் கேட்டேன். அந்தப் பதிலைக் கேட்டு எனக்குக் கண் கலங்கிவிட்டது.

கொஞ்ச நேரத்தில் நேர்காணல்காரருக்கு ஒரு துண்டுச் சீட்டு போனது. 'இது கணக்கில் சேராது. ஆனால் நடுவில் நிறுத்த வேண்டாம், அவர் ஆசைதீரப் பேசட்டும்.' இது துருவியின் கையெழுத்து. அவர் போன பிறகு அவளைத் தேடினேன். மாடிப்படியில் உட்கார்ந்திருந்தாள்.

"காரணம் என்னன்னு சொல்லட்டுமா?"

"மூச்சு விடாத."

"புதன்கிழமை டாக்டர் சும்மா இன்னொரு மாத்திரைய எழுதிக் குடுப்பாரு. அது உனக்குப் பரவாயில்லையா? நியாயம் பேசிக்கிட்டே மனுஷனக் கெடுத்துடாத!" சத்தம் போட்டேன், உண்மையாகவே.

"அவரு யாரோ முகம் தெரியாத ஆளுங்கன்னு நம்பி வந்து பேசியிருக்காரு. அத நீ எடுத்து என் கையில குடுத்தா, நாளைக்கு எவரையும் அந்த நாற்காலியில உக்காரவைக்க எனக்கு என்ன யோக்கியதை?" என்றாள். அப்புறம் தலையில் அடித்துக்கொண்டாள். "ஆமா இல்லேன்னு பதில் வர்ற கேள்வியக் கேக்காதீங்க, எல்லாரும் ஆமான்னுதான் சொல்லுவாங்கன்னு எத்தனை பேருக்குப் பாடம் எடுத்திருக்கேன்! வீட்டுல ரெண்டு வருஷமா அதையேதான் கேட்டிருக்கேன்டி."

என் குறிப்பை அவள் முன்னாலேயே கிழித்துப்போடச் சொன்னாள். தேநீரில் ஊறிய நோட்டு, கிழிக்கச் சுலபமாக இருந்தது.

இனி வருவது அவள் வீட்டில் நடந்தது. மாமாவே பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரித்த பிறகுதான் துருவி என்னிடம் வாயைத் திறந்தாள். இதை எழுதவும் அவரே சொன்னார், "என்னைக் கொஞ்சம் நல்லவனா எழுதும்மா" என்று.

அன்று சாயங்காலம் அவர் சமையலறை மேசையில் பட்டாணி உரித்துக்கொண்டிருந்தார். இவள் எதிரில் உட்கார்ந்தாள்.

"மாமா, நான் என்ன வேலை பாக்குறேன்னு உங்களுக்கு ஒருநாளும் சொன்னதில்ல. சொல்லட்டா?"

சொன்னாள். இரண்டு அறை, நடுவில் கண்ணாடி என்றதும் அவர் கை நின்றது. பட்டாணி உருண்டு கீழே விழுந்தது.

"நீ பின்னாடி இருந்தியா?"

"உள்ள வந்தேன். நீங்கன்னு தெரிஞ்சதும் வெளிய போயிட்டேன். மாத்திரை போடுறதில்லேங்கிறது காதுல விழுந்துடுச்சு. காரணம் விழல. கேக்காத மாதிரி உங்க முன்னாடி நடிக்க எனக்குத் தெரியாது, அதான் சொல்றேன். நீங்க சொல்லாம இது யார்கிட்டயும் போகாது."

"உன் புருஷன்கிட்ட?"

"அவர்கிட்டயும்தான்."

அவர் நெடுநேரம் ஒரே காயை உரித்தாராம். பிறகு மகனையும் கூப்பிட்டு உட்காரவைத்து, தானே சொன்னார். காலையில் மாத்திரை போட்டால் மதியம்வரை மணிக்கு மூன்று தடவை பாத்ரூம் போக வேண்டும். பேத்திக்குப் பன்னிரண்டு மணிக்குப் பள்ளி விடும். அவளை அழைத்துவர பஸ்ஸில் போக நாற்பது நிமிடம், வர நாற்பது நிமிடம். "மாத்திரை உள்ள போனா நான் வெளிய போக முடியாதுப்பா. அதான் சனி ஞாயிறு மட்டும் போட்டுக்குவேன்."

மகன் பதறிப்போனார். "இதுக்கா உடம்பக் கெடுத்துக்கிட்டீங்க? விடுங்கப்பா, நாளைக்கே பள்ளிக்கூட வேன் ஏற்பாடு பண்றேன். நீங்க அலையவே வேணாம்."

கிழவர் முகம் விழுந்துவிட்டது. இதற்குப் பயந்துதான் அவர் இரண்டு வருடமாக வாயை மூடிக்கொண்டிருந்தார். மகன் பாசத்தில்தான் சொன்னார், ஆனாலும் கேட்டபோது அந்த மனுஷனை எனக்கு நாலு வார்த்தை கேட்க வேண்டும்போல இருந்தது.

துருவி கணவரின் கையைப் பிடித்து நிறுத்தினாள். "மாமா, அந்த பஸ்ஸுல போய் வர்றது எப்படி இருக்கும்?"

"எப்படின்னா..." அவர் தரையில் கிடந்த பட்டாணியைக் குனிந்து பொறுக்கினார். "வீட்டுல எல்லாரும் என்னை நல்லாத்தான் பாத்துக்கிறீங்க. சாப்பிட்டீங்களா, தூங்கினீங்களான்னு கேக்குறீங்க, போயிடுறீங்க. அவ ஏறி உக்காந்தா நாப்பது நிமிஷமும் என்கிட்ட பேசுவா. யாரு யாரோட டூ விட்டா, டீச்சர் ஏன் திட்டினாங்க, எல்லாம். நானும் அவகிட்ட பேசுவேன். ஒரு நாளைக்கு நான் பேசுறது அவ்வளவுதாம்மா."

மகன் எழுந்துபோய் முகம் கழுவிக்கொண்டு வந்தார். வேன் பேச்சு அதோடு போயிற்று.

புதன்கிழமை டாக்டரிடம் மாமாவே எல்லாவற்றையும் சொன்னார். டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாராம். "இதுக்கு எதுக்கு ரெண்டாவது மாத்திரை? பேத்திய வீட்டுல விட்டுட்டு வந்து போட்டுக்கோங்க. மத்தியானம் ஒன்றரை மணிக்கு."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

ஒரு மாதத்தில் அழுத்தம் இறங்கியது, கால் வீக்கமும் வற்றியது. எங்களுக்குப் புதிதாக ஒரு இருபத்து மூன்றாம் எண் கிடைத்தார். அவர் மூடியைத்தான் திட்டினார், நிறுவனத்துக்கு ஏகப்பட்ட மகிழ்ச்சி. துருவி இப்போதெல்லாம் சாயங்காலம் சீக்கிரம் கிளம்பிவிடுகிறாள். மாமனாரோடு உட்கார்ந்து, எந்தச் சாலையில் எந்த ஓட்டுநர் பஸ்ஸை எப்படி வளைத்தான் என்று ஒரு மணி நேரம் கதை கேட்கிறாளாம்.

போன வாரம் அரை நாள் விடுப்பு எடுத்து அவர்களோடு பஸ்ஸில் போனாள். திரும்பும்போது குழந்தை தாத்தாவை ஒட்டி உட்கார்ந்துகொண்டு, கூடவே உட்காரப் போன அம்மாவைக் கைகாட்டி நிறுத்தியது.

"அம்மா, நீ முன்னாடி போய் உக்காரு. நாங்க பேசணும்."

மாமா சிரிப்பை அடக்க ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். துருவி நாலு வரிசை தள்ளிப் போய் உட்கார்ந்தாள். பின்னால் இரண்டு பேரும் வழியெல்லாம் குசுகுசுவென்று பேசினார்கள், விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

"எறங்கினதும் என்ன பேசினீங்கன்னு கேட்டியா?" என்றேன்.

"கேக்கல," என்றாள். அவள் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தை இந்தப் பதினோரு வருடத்தில் நான் பார்த்ததில்லை.