துறைமுகத்தில் வேலை கேட்கப் போனவளும் கூடப் போன நானும்

சென்ற மாசி மாதம் கிளிவெட்டியிலிருந்து திருகோணமலைத் துறைமுகத்துக்குப் போய் வந்தேன். யாத்திரையும் இல்லை, உல்லாசமும் இல்லை. என் தங்கையின் மகள் தவமணிக்கு வேலை கேட்கப் போனோம். கொழும்பில் படித்துக் கணிதத்தில் பட்டம் பெற்றவள். சப்பான்காரனோடு யுத்தம் வந்ததிலிருந்து துறைமுகத்தில் கணக்குத் தெரிந்த ஆட்களுக்குப் பஞ்சம் என்று எல்லோரும் சொல்கிறார்கள். ஆகவே உங்களிலும் சிலர் மகளைக் கூட்டிக்கொண்டு போக நினைத்திருக்கலாம். அவர்களுக்காகவே எழுதுகிறேன். கோபம் ஆறிய பிறகு எழுதலாம் என்று பார்த்தேன். ஆறவில்லை.

கிளிவெட்டியிலிருந்து மூதூர் ஒன்பது மைலளவு. பஸ்ஸை நம்பாதீர்கள், பட்டாளம் எடுத்தது போகப் பெற்றோல் மிஞ்சினால்தான் அது ஓடும். நாங்கள் விடிகாலை நாலு மணிக்கு மாட்டு வண்டியில் புறப்பட்டோம். தோப்பூரைத் தாண்டும்போது வெளிச்சம் வந்தது. ஏழு மணிக்கு மூதூரில் மோட்டார் வள்ளம். தலைக்கு முப்பது சதம். கொட்டியாரக் குடாவை மார்கழியில் கடந்தவர்களுக்கு வயிறு குமட்டியது மறந்திருக்காது. மாசியில் கடல் எண்ணெய் ஊற்றி வைத்ததுபோல் கிடக்கும். அந்த மாதத்திலேயே போங்கள்.

வள்ளக்காரர் காசிம் காக்கா மூதூர்க்காரர். வாய் ஓயாது.

"என்ன வாத்தியார், புள்ளைக்கு மாப்பிள பாக்கவா போறீங்க?"

"இல்லைக் காக்கா, உத்தியோகம் பார்க்க."

"உங்களுக்கா? இந்த வயசிலயா?"

வள்ளத்தில் இருந்த எல்லோரும் சிரித்தார்கள். தவமணியும் சிரித்தாள். "எனக்குத்தான் காக்கா. மாமா துணைக்கு வாறார்" என்றாள்.

"துணைக்கு ஆள் வேணும் எண்டால் வேலைக்கு எப்பிடிப் போவீங்க மகள்?" என்று கேட்டுவிட்டு அவர் சுக்கானைத் திருப்பினார். அப்போது எனக்கு அந்தக் கேள்வி பிடிக்கவில்லை.

துறைமுக வாயிலில் கடற்படைப் படகு மறிக்கும். வரச்சொன்ன கடிதம் கையில் இருக்க வேண்டும். பெட்டிக்குள் வைத்துவிட்டுத் தேடினால் வள்ளம் முழுவதும் உங்களால் காத்திருக்கும். உள்ளே நிற்கும் கப்பல்களைப் பற்றி எழுதக் கூடாது. நான் எழுதினாலும் பத்திரிகை ஆசிரியர் வெட்டுவார்.

நாங்கள் வேலை கேட்டுப் போன கந்தோரின் பெயரையும் எழுதவில்லை. வேலையைச் சொல்கிறேன். கடலடி ஆழத்தைப் படகில் போய் அளந்து வருவார்கள். அளந்த நேரம் நீர் ஏறியிருந்ததா இறங்கியிருந்ததா என்று பார்த்து, ஒவ்வோர் அளவையும் கணக்குப் போட்டுத் திருத்தி, வரைபடத்தில் ஏற்ற வேண்டும். பிழைத்தால் கப்பல் தரை தட்டும். தவமணி இதைத் தூக்கத்திலும் செய்வாள். எனக்கு ஐந்தாம் வகுப்புக்குப் பின்னக் கணக்குப் படிப்பிக்க மட்டுமே தெரியும்.

பெரிய கிளாக்கர் எங்கள் ஆள். யாழ்ப்பாணம், கோட்டும் வேட்டியும். எனக்கு இருக்கக் கதிரை போட்டார். தவமணி நின்றாள். அவளுடைய கடிதத்தை அவள் நீட்ட, வாங்கி என்னிடம் கேட்டார்:

"எந்த ஊர் மாஸ்டர்? பிள்ளைக்கு எத்தனை வயது? கலியாணம் பேசியாச்சோ?"

"அவளிட்டக் கேளுங்கோ" என்றேன்.

கேட்கவில்லை. கடிதத்தை மடித்து வைத்தார். "இஞ்ச முழுக்க ஆம்பிளையள், மாஸ்டர். எங்கட பெடியள் ஒரு பொம்பிளப் பிள்ளைய வைச்சுக்கொண்டு வேலை செய்யாங்கள். எங்களுக்கு ஆள் இல்லாமலும் ஏலாது. நீங்கள் கணக்குப் படிப்பிக்கிற ஆள்தானே? நீங்களே வந்து இருங்கோவன்."

இருபத்திரண்டு வயதில் நான் இப்படி ஒரு கந்தோரில் வேலை கேட்டவன். பரீட்சையில் நான் மேலே; வேலை ஒரு முதலியாரின் மருமகனுக்கு. அவன் பெயர், அவன் தகப்பன் பெயர், அன்று அவன் போட்டிருந்த சப்பாத்தின் நிறம், ஒன்றும் மறக்கவில்லை. அன்று தகுதியோடு கேட்டபோது தராததை இன்று தகுதியில்லாமல், கேட்காமல், கதிரையும் போட்டுத் தருகிறார்கள். என்ன காரணம்? நான் வேட்டி கட்டியிருக்கிறேன், அவள் சேலை கட்டியிருக்கிறாள்.

"எனக்கு இந்த வேலை தெரியாது ஐயா" என்றேன்.

அவர் குரலைத் தாழ்த்தினார். "அதுக்கென்ன? கணக்குகளை வீட்ட கொண்டு போங்கோ. பிள்ளை இருந்து போடட்டும். விடிய நீங்கள் கொண்டு வந்து தாங்கோ. ஆருக்குத் தெரியப்போகுது?"

கவனியுங்கள். சப்பான்காரன் குண்டு போட்டுவிட்டுப் போன துறைமுகம். வெளியே ஒரு கப்பலின் பெயரைச் சொன்னால் மறியலில் அடைப்பார்கள். அதன் ஆழக் கணக்கைச் சீலைப் பையில் போட்டு வீட்டுக்குக் கொண்டு போகலாம். பட்டம் படித்த பெண் இந்த அறையில் ஒரு கதிரையில் இருக்க ஏலாது.

அந்த நேரம் விறாந்தையால் இரண்டு வெள்ளைக்காரப் பெண்கள் சீருடையில் போனார்கள். கையில் குறடும் திருப்புளியும் போட்ட பை, விரல்களில் எண்ணெய்க் கறை. கப்பல்களின் வானொலிப் பெட்டி திருத்துகிறவர்களாம். பெரிய கிளாக்கர் எழுந்து நின்று வணக்கம் சொன்னார்.

"அவையும் பொம்பிளையள்தானே?" என்றாள் தவமணி.

"அவை வேற, பிள்ளை."

"கணக்கை நான் போட்டால் என்ர பேர் எங்க வரும்?"

"பேர் என்னத்துக்கு? காசு வீட்டுக்குத்தானே வரப்போகுது."

"அப்ப என்ர பட்டத்தையும் மாமான்ர பேரில மாத்தித் தாங்கோ. எல்லாம் ஒரு இடத்தில கிடக்கட்டும்."

நான் மேசையைத் தட்டினேன். சில வார்த்தைகள் சொன்னேன், அச்சில் வராது. தவமணி கடிதத்தை எடுத்துக்கொண்டு என் கையைப் பிடித்து வெளியே கூட்டி வந்தாள். அவரிடம் மன்னிப்புக் கேட்கச் சொல்லப்போகிறாள் என்று நினைத்தேன். அவள் சொன்னது வேறு:

"மாமா, நீங்கள் வள்ளத்தடியில நில்லுங்கோ. நான் தனியப் போறன். நீங்கள் நிண்டால் அவை உங்களோடதான் கதைப்பினம். நீங்கள் சண்டை பிடிச்சாலும் உங்களோடதான் பிடிப்பினம்."

போனேன். வெயிலில் நின்றேன். காசிம் காக்கா பாதிப் பாண் ரொட்டியும் சம்பலும் தந்து, "முகம் ஏன் வாத்தியார் இப்பிடி? உத்தியோகம் உங்களுக்குக் கிடைச்சிட்டோ?" என்றார். பகிடிக்குத்தான் சொன்னார். நான் பாணைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

இரண்டு மணிக்குத் தவமணி வந்தாள். வெள்ளைக்கார அதிகாரி சாப்பிட எழுந்து வரும்வரை விறாந்தையில் நின்றிருக்கிறாள். கடிதத்தை நேரே அவனிடம் கொடுத்திருக்கிறாள். ஆள் தட்டுப்பாட்டில் அவன் கலியாணப் பேச்சு எடுக்கவில்லை. திங்கட்கிழமை வரச் சொல்லிவிட்டான். அவள் பெயரில்தான். நாட்சம்பளம், ஆணுக்குக் கொடுப்பதில் பாதி. யுத்தம் முடியும்வரை மட்டும்.

"பாதிக்கோ? நீ ஓம் எண்டனியோ?" என்று கத்தினேன்.

"ஓம் எண்டனான். முழுசாத் தாறம் எண்டு வேற ஆர் மாமா சொன்னது?"

வெள்ளைக்காரன் நல்லவன் என்று எழுதுகிறேன் என எண்ண வேண்டாம். பாதி விலைக்கு முழு மூளை வாங்கத் தெரிந்தவன். எங்கள் ஆளுக்கு அதுவும் தெரியவில்லை.

போகிறவர்களுக்குச் சில சொல்ல வேண்டும். சாப்பாடு கட்டிக்கொண்டு போங்கள். நகரத்துக் கடைகளில் சோறு எந்த நேரமும் இராது. மூதூருக்குக் கடைசி வள்ளம் நாலு மணிக்கு. பட்டாளத்துக்குத் தேவைப்பட்டால் அதுவும் இல்லை. தங்க இடத்தை முதலிலேயே பேசி வையுங்கள். தவமணி நகரத்தில் உறவினர் வீட்டில் இருக்கிறாள். மகளோடு போகும் தகப்பன்மாரே, மாமன்மாரே, நீங்கள் வாசலோடு நின்றுவிடுங்கள். உள்ளே அவர்கள் தேடுவது உங்களைத்தான்.

திரும்பி வந்த கிழமை, யுத்தம் சீக்கிரம் முடிய அம்மன் கோயிலில் விசேட பூசை என்று ஊரார் காசு சேர்த்து வந்தார்கள். யுத்தம் முடிகிற அன்றைக்கே தவமணியின் கதிரையும் போகும். ஒரு ரூபாய் கொடுத்தேன். மனம் வந்து கொடுக்கவில்லை.