டிரா கொடுத்தும் வாங்காத மனிதரோடு டெல்லியில் ஒரு வாரம்

சதுரங்கம் ஆடுகிறவர்களுக்குத் துணையாக டெல்லி போகத் திட்டமிடும் அம்மா, அப்பா, மனைவி, கணவன் எல்லோருக்குமாக இதை எழுதுகிறேன். ஆடுகிறவர்கள் படிக்க வேண்டாம். படித்தாலும் திருந்தப் போவதில்லை.

எங்கள் வீட்டுக்காரருக்கு வயது எழுபது. ஐம்பதைத் தாண்டிய பிறகு கிராண்ட்மாஸ்டர் பட்டம் வாங்கியவர். அதோடு நிறுத்துவார் என்று நினைத்தேன். நெஞ்சில் ஸ்டென்ட் வைத்த பிறகாவது நிறுத்துவார் என்று நினைத்தேன். ஜனவரி மாதக் குளிரில் டெல்லிப் போட்டிக்குப் பெயர் கொடுத்துவிட்டு வந்துதான் எனக்குத் தகவல் சொன்னார். காரணம் இருந்தது. அறுபத்தைந்து வயதுக்கு மேற்பட்டவர்களில் முதலில் வருபவருக்கு, வெளிநாடு போகும் மூத்தோர் அணியில் ஓர் இடம். மூன்று வருடமாக அந்த இடம் இவருக்கு அரைப் புள்ளியில் நழுவிக்கொண்டே இருக்கிறது. தூக்கத்தில்கூட அதைப் பற்றிப் புலம்புகிறார்.

திருச்சியிலிருந்து சென்னை, அங்கிருந்து ரயில். மூடுபனியால் ஆறு மணி நேரம் தாமதம். டெல்லிக்கு டிசம்பர், ஜனவரியில் ரயிலில் போகிறவர்கள் கையில் ஒரு வேளைச் சாப்பாடு கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள். துவாரகாவில் ஒரு தமிழ்க் குடும்பம் தங்கள் இரண்டாவது ஃபிளாட்டை நாள் வாடகைக்கு விடுகிறார்கள், ஆயிரத்து எண்ணூறு ரூபாய். கீஸர் உண்டு, ஹீட்டர் கிடையாது. மெட்ரோ நிலையம் பத்து நிமிட நடை. போட்டி நடக்கும் அரங்கத்துக்கு மெட்ரோவில் ஒரு மணி நேரம், பிறகு ஆட்டோ. ஆட்டோக்காரர் இருநூறு கேட்பார். நூறுக்கு மேல் கொடுக்காதீர்கள்.

அரங்கத்துக்குள் நம்மை விடமாட்டார்கள். செல்போனையும் உள்ளே கொண்டுபோகக் கூடாது. வெளியே ஒரு நடைவழி. அதில் டப்பாவும் ஃபிளாஸ்க்குமாகப் பெற்றோர் கூட்டம். நாற்காலி போதாது. ஆறு நாள் அந்த இரும்பு நாற்காலியில் உட்கார்ந்து என் இடுப்பு போனதுதான் மிச்சம். டெல்லியில் நான் பார்த்தது அந்த நடைவழியும் அதன் கோடியிலிருந்த பூட்டிய கழிப்பறையும்தான்.

ஆனால் ஏழாம் நாள், கடைசி ரவுண்டு அன்று, நல்ல நிலையில் இருந்தார். டிரா செய்தால் போதும், இடம் உறுதி. தோற்றால் பின்னாலேயே வந்துகொண்டிருந்த கொல்கத்தாக்காரருக்குப் போய்விடும். எதிராளி ரித்திகா என்ற பெண். துவாரகாவில் வளர்ந்த தமிழ்ப்பெண், குருகிராமில் வேலை. நான் நாள் வாடகைக்கு டாக்ஸி பேசிவிட்டேன். எட்டு மணி நேரம், எண்பது கிலோமீட்டர், இரண்டாயிரத்து இருநூறு ரூபாய். சீக்கிரம் டிரா செய்துவிட்டு வந்தால் குதுப்மினார், ஹுமாயூன் கல்லறை எல்லாம் பார்த்துவிடலாம்.

"அந்தப் பொண்ணு டிரா கேட்டா வாங்கிட்டு வந்துடுங்க. உங்க வித்தையெல்லாம் இன்னிக்கு வேண்டாம்" என்றேன் காரில்.

"சரி சாந்தா" என்றார். அவ்வளவு சுலபமாக அவர் சரி சொன்னபோதே நான் சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

பத்து மணிக்கு ஆட்டம் தொடங்கியது. பதினொன்றானது, பன்னிரண்டானது. டாக்ஸி ஓட்டுநர் பல்பீர் இன்னும் எவ்வளவு நேரம் என்று கேட்க வந்து எட்டிப் பார்த்தார். "மேடம்ஜி, அவுர் கித்னா டைம்?" எனக்குத் தெரிந்த ஹிந்தியில் "தோ மினிட் பையா" என்றேன். ஒரு மணிக்கும் அதையேதான் சொன்னேன். இரண்டு மணிக்கு அவர் கேட்கவேயில்லை, பரிதாபமாகப் பார்த்துவிட்டு டீ வாங்கிக் கொடுத்தார்.

பக்கத்தில் இருந்த, டெல்லி மோதி பாக் பகுதியில் வசிக்கும் தமிழர் ஒருவர் போனில் ஆட்டங்களை நேரலையாகப் பார்த்துக்கொண்டிருந்தார். திடீரென்று "ஐயோ, சாரோட யானை போயிடுச்சும்மா" என்றார்.

"போயிடுச்சா, இவரே குடுத்தாரா?"

"குடுத்த மாதிரிதாம்மா இருக்கு."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. பயமும்தான். மூன்று வருடக் கனவை ஒரு யானையோடு சேர்த்துத் தூக்கிக் கொடுத்துவிட்டு, இந்த மனிதர் எந்த முகத்தோடு ஊர் திரும்பப் போகிறார்? திருச்சி வரை நான் என்ன சொல்லித் தேற்றுவேன்? மதிய மாத்திரை போட வேண்டிய நேரமும் தாண்டிவிட்டது வேறு.

மூன்று மணிக்கு வெளியே வந்தார். முகம் வெளுத்திருந்தது. "டிரா" என்றார். யானையைக் கொடுத்தபின் அவளுடைய ராஜாவுக்கு ராணியால் விடாமல் செக் வைத்திருக்கிறார். ராஜா ஒளிய இடமில்லை. பலகையில் ஒரே நிலை மூன்று முறை வந்துவிட்டால் டிராவாம். அணியில் இடமும் கிடைத்துவிட்டது. நான் மாத்திரையைக் கையில் கொடுத்துவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

பிறகுதான் விசாரணை. "அந்தப் பொண்ணு முன்னாடியே டிரா கேக்கலையா?"

"பன்னெண்டாவது மூவ்லயே கேட்டா. வாங்கத்தான் இருந்தேன். அதுக்குள்ள கை தவறிக் குதிரைய தொட்டுடுச்சு."

எதிராளி டிரா கேட்ட பிறகு நம் காயைத் தொட்டால், வேண்டாம் என்று சொன்னதாக அர்த்தம். தொட்ட காயை நகர்த்தியும் ஆக வேண்டும். இது ஆடத் தொடங்கும் குழந்தைகளுக்கே தெரியும். ஐம்பது வருடமாக ஆடுகிறவருக்குக் கை தவறுமாம்!

அந்த நேரம் பார்த்து ரித்திகா வந்தாள். "ஆன்ட்டி, கை தவறல்லாம் இல்ல. அங்கிள் என் மூஞ்சிய பாத்தார், சிரிச்சார், அப்புறம்தான் குதிரைய தொட்டார்" என்றாள். பிறகு அவரிடம் திரும்பி, "ஆக்சுவலி அங்கிள், நீங்க டயர்ட் ஆயிடுவீங்கன்னுதான் சீக்கிரம் டிரா கேட்டேன். சாரி. நீங்க யானைய குடுத்ததும் நான் பயந்தே போயிட்டேன்" என்றாள்.

இவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதன் பிறகும் விட்டார்களா? ஆடினவர்கள் இருவரும் உட்கார்ந்து அலசுவது இவர்கள் உலகத்து வழக்கமாம். இன்னும் ஒரு மணி நேரம் போனது. ஹுமாயூன் கல்லறையை ஓடும் காரிலிருந்து காட்டினார் பல்பீர். பனியில் மரங்கள் மட்டும்தான் தெரிந்தன.

ஆகவே, போகிறவர்களுக்கு: கடைசி ரவுண்டு நாளில் டாக்ஸி பேசாதீர்கள், திரும்பும் டிக்கெட்டும் போடாதீர்கள். உட்கார மடக்கு மெத்தை, கால் உறை இரண்டு ஜோடி, வேண்டிய மாத்திரை எல்லாம் உங்கள் பையில் இருக்கட்டும். சுற்றிப் பார்க்க வேண்டுமானால் ரவுண்டு நடக்கும்போது நீங்கள் தனியாகப் போய்விடுங்கள். அவர்களுக்கு நீங்கள் இருப்பதே தெரியாது.

காரில் நான் கேட்டேன், கேட்காமல் எப்படி இருப்பது? "இப்ப வாங்கினதும் அதே அரைப் புள்ளிதானே? அதை பத்தரை மணிக்கே வாங்கிட்டு வந்திருந்தா என்ன?"

கார்க் கண்ணாடியில் படிந்த பனியைத் துடைத்துக்கொண்டே சொன்னார்.

"அப்ப அவ ஒரு கெழவனுக்குக் குடுத்தா, சாந்தா. மூணு மணிக்கு என்கிட்ட குடுத்தா."

நான் பையைத் திறந்து இரண்டாவது ஜோடிக் கால் உறையை எடுத்து அவர் மடியில் வைத்தேன்.