சுவருக்கு அந்தப் பக்கம் இருந்த பெட்டி

என்னைச் சந்தேகப் பிராணி என்பாள் மனைவி. பால் பாக்கெட்டின் தேதியை இரண்டு முறை பார்ப்பவன் நான். இரும்புலியூரில் எங்கள் வீட்டுச் சுவரை ஒட்டிய கொட்டகையை மட்டும் ஏனோ சந்தேகப்படாமல் விட்டுவிட்டேன். அது பக்கத்து வீட்டுக்காரருடையது. இந்த ஊரின் பழைய குடும்பம். நெல் விளைந்த நிலத்தில் கொட்டகை போட்டு வாடகைக்கு விட்டிருந்தார். நல்ல மனிதர்.

ஆயுத பூஜைக்கு வழக்கம்போல் கூப்பிட்டார். டிரில்லிங் மிஷின், தராசு, ஏணி, எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம். சுவரோரம் கைப்பிடி வைத்த ஒரு சின்ன இரும்புப் பெட்டி. அதற்கும் தாராளமாக அப்பியிருந்தார்கள். புதுச் சந்தனத்துக்கு அடியில் முந்தின வருஷங்களின் சந்தனம் பக்கு கட்டியிருந்தது. ஓரம் பெயர்ந்த இடத்தில் மஞ்சள் ஸ்டிக்கர் தெரிய, நகத்தால் சுரண்டினேன். மூன்று இதழ் விசிறி போல ஒரு குறி. முந்தின வாரம் மகளை ஸ்கேனுக்காகக் குரோம்பேட்டைக்கு அழைத்துப் போனபோது, எக்ஸ்ரே அறைக் கதவில் இதே குறியைப் பார்த்திருந்தேன். கர்ப்பிணிகள் முன்கூட்டியே தெரிவிக்கவும் என்று அதன் கீழே எழுதியிருந்தது.

"இது என்னண்ணா?"

"பழைய வாடகைக்காரன் வுட்டுட்டுப் போனது சார். பைப்பு வெல்டிங்ல ஓட்டை கீதான்னு பாக்குற மிசினாம். அப்பால வந்து எடுத்துக்கறேன்னான், ஆளையே காணோம். சின்னதுதான், ஆனா செம வெயிட்டு. அது பாட்டுக்கு கீது, வுடுங்க."

சுவருக்கு இந்தப் பக்கம் என் மகளின் கட்டில். வளைகாப்பு முடிந்து அவள் பிரசவத்துக்கு வந்து ஒரு மாதம் ஆகியிருந்தது.

கையில் கொடுத்த பொரியை அங்கேயே வைத்துவிட்டு ஓடி வந்து, கட்டிலை ஹாலுக்கு இழுத்தேன்.

"எதுக்குங்க இப்ப?" என்றாள் மனைவி.

"காத்து வரும்."

அவள் நம்பவில்லை. சாயங்காலத்துக்குள் இருவரிடமும் உண்மையைச் சொல்லிவிட்டேன்.

புகார் கொடுத்த மூன்றாம் நாள் இரண்டு அதிகாரிகள் கதிர்வீச்சு அளக்கும் மீட்டரோடு வந்தார்கள். பெட்டிக்குக் கிட்டே போனதும் மீட்டர் படபடவென்று அடித்தது. எங்கள் பக்கத்துச் சுவரில் அவ்வளவு இல்லை. ஆனால் சும்மாவும் இருக்கவில்லை.

"பயப்பட ஒண்ணுமில்ல சார், மூடிதான் இருக்கு," என்றார் மூத்தவர்.

ஒன்றுமில்லை என்றால் எங்களை ஏன் தெருமுனையில் போய் நிற்கச் சொன்னார்கள்? எவ்வளவு காட்டுகிறது என்று கேட்டால் ஏன் மீட்டரைத் திருப்பிக்கொண்டார்? பக்கத்து வீட்டுக்காரர் முகம் வெளிறிப்போய், "சத்தியமா எனக்குத் தெர்யாது சார்," என்றார். அவரை நம்பினேன். வந்தவர்களைத்தான் நம்ப முடியவில்லை.

பெட்டியை வண்டியில் ஏற்றி அனுப்பிய பிறகு ஒரு தாளை நீட்டினார்கள். அந்தச் சுவரை ஒட்டி வசிப்பவர்களின் பெயரும் வயதும் வேண்டுமாம். என்னை எழுதினேன், மனைவியை எழுதினேன். மகள், இருபத்தாறு. அதற்குக் கீழே, 'குழந்தை, எட்டாம் மாதம்' என்று எழுதினேன்.

"பொறக்காததெல்லாம் லிஸ்ட்ல வராது சார்," என்று மூத்தவர் அந்த வரியை அடித்தார்.

எனக்குக் கோபத்தில் வாய் குழறியது. மகள் தாளை அவர் கையிலிருந்து வாங்கி, அடித்த வரிக்குக் கீழே அதையே மறுபடி தன் கையெழுத்தில் எழுதிக் கொடுத்தாள்.