உறவினர் அல்லாத இருவர்

எங்கள் ஊரில் சட்டங்களுக்குத் திருத்தம் சொல்வது பதினோராம் எண் பேருந்தில், சிவப்பு விளக்கு எரியும்போதுதான். விளக்கு பச்சையானால் கருத்து பாதியில் நிற்கும். அடுத்த சந்திப்பில் விட்ட இடத்திலிருந்து தொடங்கும். சொல்கிறவள் ஹோசியத் அக்கா, அந்தப் பேருந்தின் ஓட்டுநர். அவளுடைய கைப்பேசியில் அதைத் தட்டுகிறவள் நான், ஓய்தின். ரயில் நிலையத்துக்கு எதிரே மருந்துக்கடையில் வேலை பார்க்கிறேன். ஓட்டுநருக்குப் பின்னால் இருக்கிற முதல் இருக்கை ஏழு வருடமாக எனக்குத்தான். தெரியாமல் யாராவது உட்கார்ந்துவிட்டால் அக்கா கண்ணாடி வழியாக ஒரு பார்வை பார்ப்பாள். அவர்களே எழுந்துவிடுவார்கள்.

தலைநகரத்தில் ஒரு சட்டமோ விதியோ வருவதற்கு முன்னால் அதன் வரைவை இணையத்தில் பதினைந்து நாள் வைக்கிறார்கள். யார் வேண்டுமானாலும் கருத்து எழுதலாம். எங்கள் கோகந்த் நகரம் முழுவதிலும் அதை உண்மையென்று நம்பி எழுதுகிற ஒரே ஆள் அக்காதான். நடைபாதையில் மின்சார ஸ்கூட்டர் போகலாம் என்று ஒரு வரைவு வந்தது. "அப்ப நாங்க எங்க நடக்கறது, மரத்து மேலயா?" என்று எழுதச் சொன்னாள். கல்யாணத்துக்கு இருநூறு பேருக்கு மேல் அழைக்கக் கூடாது என்று இன்னொன்று வந்தது. "நல்ல விஷயம். ஆனா இருநூத்தி ஒண்ணாவது சித்தி யாருன்னு நீங்களே வந்து எங்க சித்திகிட்ட சொல்லிட்டுப் போங்க" என்றாள். நான் ஒரு சொல் மாற்றாமல் அனுப்பினேன். இப்படி அறுபத்தோரு கருத்துகள். அறுபத்தோரு தடவையும் ஒரே பதில்: "கருத்துக்கு நன்றி."

நான் கேலி செய்யாமல் இருப்பேனா? "அக்கா, அங்க ஒரு மிஷின்தான் உக்காந்து நன்றி சொல்லிக்கிட்டிருக்கு" என்பேன்.

"மிஷினுக்கும் புத்தி வரும்டி. நீ தட்டு."

அக்கா பருத்தி வயலில் டிராக்டர் ஓட்டியவள். பதினெட்டு வருடத்துக்கு முன்னால் பேருந்துக்கு வந்தாள். பெண் ஓட்டுகிறாள் என்று பார்த்ததும் முதல் நாளே இறங்கி நடந்தவர் யோல்ச்சி. நீதிமன்றத்தில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர். மறுநாள் மழை கொட்டியது, வேறு வழியில்லாமல் ஏறினார். அன்றைக்கு ஆரம்பித்த வாக்குவாதம் இன்னும் முடியவில்லை. கேமரா போடுகிற அபராதம், பள்ளிக்கூடத்தில் கைப்பேசி, எங்கள் மொழிக்கு எழுத்து மாற்றம், ரோபோ பேசும் வங்கி, எதை எடுத்தாலும் அவர் ஒரு பக்கம், இவள் மறுபக்கம். பேருந்தில் மற்றவர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்து கத்துவார்கள். என் கடைக்கு வருகிறவர்கள் காய்ச்சல் மருந்து வாங்கிக்கொண்டே, "இன்னைக்குப் பதினொண்ணுல யாரு ஜெயிச்சது?" என்று கேட்பார்கள். வேறு எந்தப் பேருந்திலாவது இந்தச் சுகம் உண்டா?

போன வசந்தத்தில் முகம் பார்க்கும் இயந்திரம் வந்தது. ஸ்டீயரிங் பக்கத்தில் ஒரு சின்னத் திரை. காலையில் முதல் நிறுத்தமான பழைய சந்தையில் ஓட்டுநர் அதன் முன்னால் உட்கார வேண்டும். இடது பக்கம் திரும்பு, வலது பக்கம் திரும்பு, சிரி என்று அது சொல்லும். ஆளைத் தெரிந்தால்தான் இன்ஜின் உயிர் பெறும். ஒரு மாதச் சோதனை என்றார்கள்.

அக்கா திரும்பச் சொன்ன பக்கமெல்லாம் திரும்பினாள். பிறகு சிரித்தாள்.

அக்காவின் மேல் வரிசையில் ஆறு பற்கள் தங்கம். எங்கள் பக்கத்தில் அவள் வயதுப் பெண்கள் பலருக்கும் இரண்டு மூன்று இருக்கும், இவளுக்கு ஆறு. பழைய சந்தையில் பேருந்து நிற்பது கிழக்குப் பார்த்து. வெயில் நேராக வாயில் அடித்தது. இயந்திரம் கொஞ்சம் யோசித்தது.

"வாயில் உள்ள பொருளை அகற்றவும்" என்றது.

பேருந்தே குலுங்கிச் சிரித்தது. நானும் சிரித்தேன், மறைப்பானேன். உதட்டை மூடிச் சிரித்துப் பார்த்தாள். "சிரிக்கவும்" என்றது. கைக்குட்டையால் வெயிலை மறைத்தாள். "முகத்தை மறைக்க வேண்டாம்" என்றது. கடைசியில் நிறுத்தத்தின் பொறுப்பாளர் தோல்கின் சாவி போட்டு இயந்திரத்தை அணைத்தார். சோதனை மாதம் என்பதால் அப்படி அணைக்க முடிந்தது. இப்படி ஐந்து நாள் ஆன பிறகு யாருக்கும் சிரிப்பு வரவில்லை.

டிப்போ மேலாளர் அக்காவை அழைத்துப் பேசினார். விதி அமலுக்கு வந்தால் இயந்திரத்தை யாரும் அணைக்க முடியாது. ஒன்று, பல்லை எடுத்துவிட்டு வெள்ளைப் பல் கட்டிக்கொள்ள வேண்டும். இல்லையென்றால் பேருந்தை ஓட்டாமல் கழுவுகிற வேலைக்குப் போக வேண்டும்.

மறுநாள் அக்கா அதைச் சொன்னபோது பேருந்தில் ஆளுக்கொரு காரணம் சொல்லிப் பரிதாபப்பட்டார்கள். கல்யாணத்தில் கட்டிய பல்லாயிற்றே, அம்மாவின் தோட்டை உருக்கிக் கட்டியதாக இருக்கும், நினைவுப் பொருளாயிற்றே என்று ஒரே உருக்கம்.

"அம்மா தோடும் இல்ல, ஆட்டுக்குட்டியும் இல்ல" என்றாள் அக்கா. "நானே டிராக்டர் ஓட்டிச் சம்பாதிச்சுக் கட்டினது. எனக்குப் பிடிச்சிருக்கு. அது போதாதா?"

"போதாது" என்றார் யோல்ச்சி. "டிரைவர், நான் சொல்றேன்னு கோவிச்சுக்காதீங்க. முன்னாடி இந்த டிப்போல லைசன்ஸ் ஒருத்தன் பேர்ல இருக்கும், வண்டிய அவன் மச்சான் ஓட்டுவான். ராத்திரி முழுக்கக் குடிச்சவன் காலையில வந்து உக்காருவான். கேட்டா, 'நம்ம ஆளுதான், விடுங்க'ன்னுவாங்க. இந்த எந்திரத்துக்கு மச்சான் கிடையாது. அதனாலதான் அது வேணும்."

"மச்சான் கிடையாது, சரி. காதும் கிடையாதே! நான்தான் நானுன்னு அதுகிட்ட எப்படிச் சொல்றது?"

"அதுக்காகச் சட்டத்துல ஓட்டை போட முடியுமா?"

"ஓட்டை இல்லண்ணா, கதவு. வீடுன்னா கதவு வேணாமா?"

அவர் சொன்னதும் சரி, இவள் சொன்னதும் சரி என்றே எனக்குப் பட்டது. அதுதான் எரிச்சல். சிவப்பு விளக்கு வந்தது. அக்கா திரும்பாமலே, "ஓய்தின், அந்த விதியோட வரைவு போட்டிருக்கானா பாரு" என்றாள். பார்த்தேன். போட்டுப் பன்னிரண்டு நாள் ஆகியிருந்தது. கருத்துகள்: பூஜ்யம். இன்னும் மூன்றே நாள்.

முதல் நாள் அக்கா சொல்லச் சொல்லத் தட்டினேன்: "மிஷினுக்கு ஆளைத் தெரியலேன்னா மனுஷனைக் கேளுங்க." வாசித்துக் காட்டியதும் யோல்ச்சி காதைப் பொத்திக்கொண்டார்.

"எந்த மனுஷன்? எங்க? எப்படிக் கேக்கணும்? இதுவா வாக்கியம்? இத வச்சு எவன் வேணா எவனை வேணா வண்டியில ஏத்துவான்!"

"நீங்கதான் எதிர்க்கட்சியாச்சே, உங்களுக்கென்ன?" என்றேன் நான்.

"எதிர்க்கறேன், கடைசிவரைக்கும் எதிர்ப்பேன். ஆனா நான் எதிர்க்கற அளவுக்காவது அது ஒழுங்கா எழுதியிருக்கணும். அந்தப் போனைக் குடும்மா."

நாற்பது வருடம் நீதிமன்றத்தில் எழுதிய கை. கண்ணாடியை மூக்கு நுனிக்குத் தள்ளிக்கொண்டு ஒவ்வொரு சொல்லாக நிறுத்தார். நடுவில் நின்றவர்கள் தலையை நீட்டி, அது வேண்டாம், இது வேண்டும் என்று கூவினார்கள். சமோசா விற்கப் போகிற அம்மாள் "'நேர்ல வந்து'ங்கிறதைச் சேருங்க" என்றாள், சேர்த்தார். "பேரைச் சத்தமா சொல்லணும்" என்றான் கல்லூரி மாணவன் ஒருவன், அதையும் சேர்த்தார். மூன்றாம் நாள் காலையில் வாக்கியம் இப்படி நின்றது: "இயந்திரம் ஓட்டுநரை அடையாளம் காணத் தவறினால், அவரை அறிந்த, உறவினர் அல்லாத இருவர் நேரில் வந்து, அவர் பெயரைச் சொல்லிக் கையொப்பமிட்ட பின் வாகனத்தை இயக்கலாம்."

"உறவினர் அல்லாத" என்பது அவர் போட்டது. மச்சான்களை அடைக்க.

அனுப்பப் போனால் தளம் சுற்றிக்கொண்டே இருந்தது. அன்று மதியத்தோடு கெடு முடிகிறது. அக்கா அரண்மனை நிறுத்தத்தில் வண்டியை நிறுத்தினாள், அங்கேதான் சிக்னல் நன்றாக இருக்கும். ஒரு நிமிடம், இரண்டு நிமிடம், நான்கு நிமிடம். ஒருவர்கூட "வண்டியை எடுங்க" என்று சொல்லவில்லை! எல்லோரும் என் விரலையே பார்த்தார்கள். "போயிருச்சு!" என்று நான் கத்தியதும் பேருந்துக்குள் எழுந்த கூச்சலில் நடைபாதையில் போன ஒருவர் என்ன விபத்து என்று ஓடி வந்தார். அதோடு விட்டார்களா? மதியத்துக்குள் அந்தப் பேருந்தில் வந்தவர்கள் தங்கள் பெயரிலும் அனுப்ப, எண்ணிக்கை முந்நூறைத் தாண்டியது.

இருபது நாள் கழித்துப் பதில் வந்தது. நிறுத்தம் இல்லாத இடத்தில் ஓரங்கட்டச் சொன்னால் அக்கா கேட்க மாட்டாள் என்று தெரிந்தும், "நிறுத்துங்க அக்கா, நிறுத்துங்க!" என்று அலறினேன். நிறுத்தினாள். வாசித்தேன்: "ஏற்கப்பட்டது."

நன்றி இல்லை, ஏற்கப்பட்டது! ஒரு சொல். அக்கா ஸ்டீயரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டாள். யோல்ச்சி, "கமாவை எடுத்துட்டானுங்களா, வச்சிருக்கானுங்களா?" என்று கேட்டார். வைத்திருந்தார்கள்.

விதி அமலுக்கு வந்த நாள் காலை பழைய சந்தை நிறுத்தத்தில் திருவிழாக் கூட்டம். அந்த நேரத்தில் பேருந்தே தேவைப்படாதவர்கள்கூட வந்திருந்தார்கள். அக்கா திரையின் முன் உட்கார்ந்து வாய் நிறையச் சிரித்தாள். "வாயில் உள்ள பொருளை அகற்றவும்" என்றது. இந்த முறை அதற்குக் கைதட்டல் கிடைத்தது.

தோல்கின் படிவத்தோடு இறங்கி வந்தார். நல்ல மனிதர்தான், ஆனால் தாளில் இருப்பதைத் தவிர எதையும் நம்பமாட்டார். "இவங்களை அறிந்தவங்க யாரு?" என்றார்.

"எங்க அக்கா!" "எங்க சித்திங்க!" "எனக்குச் சொந்தத் தங்கச்சி மாதிரி!" நாற்பது குரல்.

தோல்கின் பேனாவை மூடினார். "அக்கா, சித்தி, தங்கச்சி. உறவினர் கையெழுத்து செல்லாது. தெளிவாப் போட்டிருக்கு."

"ஐயோ, அது சும்மா கூப்பிடறதுங்க!"

"சும்மா கூப்பிடறது எது, நிஜமா கூப்பிடறது எதுன்னு நான் எப்படிப் பிரிக்கறது? நாளைக்கு என்னைக் கேப்பாங்க. இத்தனை பேர் முன்னால அக்கான்னு சொல்லிட்டீங்க."

நேரம் ஓடிக்கொண்டிருந்தது. பத்து நிமிடத்துக்குள் வண்டி கிளம்பாவிட்டால் மாற்று ஓட்டுநர் ஏறிவிடுவார், அவர் அங்கேயே தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றிருந்தார். ஒரு தடவை அப்படி ஆனால் பிறகு ஒவ்வொரு நாளும் அப்படித்தான் ஆகும். அக்கா முதல்முறையாக வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்ததைப் பார்த்தேன்.

யோல்ச்சி கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். "நான் இவரை டிரைவர்னுதான் கூப்பிடுவேன், வேற மாதிரி கூப்பிட்டதே இல்ல. யாரை வேணா கேளுங்க. பேரு ஹோசியத். பதினெட்டு வருஷமா தெரியும். என்கிட்ட ஒரு நாள்கூட ஒத்துப்போனதில்ல. எந்திரம்தான் நல்லதுன்னு இப்பவும் சொல்றேன், அதையும் எழுதிக்கோங்க." கையெழுத்துப் போட்டார்.

"இன்னொருத்தர்?"

நான் போய் நின்றேன். தோல்கின் என்னைக் கூர்ந்து பார்த்தார். "நீங்கதானே முதல் சீட்டு? பேரைச் சொல்லுங்க, சத்தமா."

எங்கள் ஊரில் மூத்தவளை வெறும் பெயர் சொல்லி அழைப்பது வாயில் அடி வாங்குகிற குற்றம். "ஹோசியத்" என்றேன். எனக்கே வேறு யாரையோ சொல்வதுபோல இருந்தது.

"உங்களுக்கு இவங்க யாரு?"

அம்மா ஆஸ்பத்திரியில் கிடந்த குளிர்காலத்தில் தினமும் வண்டியை வாசலிலேயே நிறுத்தி என்னை இறக்கிவிட்டவள். என் கல்யாணம் நின்றபோது ஊர் முழுவதற்கும் பதில் சொல்லிச் சண்டை போட்டவள். எல்லோரும் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"யாரும் இல்ல" என்றேன்.

சொன்னதுதான் தெரியும். அடக்க முடியாமல் அழுதுவிட்டேன். கையெழுத்து தாளில் கோணிக்கொண்டு ஓடியது. தோல்கின் அதை இரண்டு முறை சரிபார்த்துவிட்டுத் தலையசைத்தார், திரையில் அனுமதியைத் தட்டினார். இன்ஜின் உறுமியது. நிறுத்தமே கூத்தாடியது.

அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு ஆறு பல்லும் தெரியச் சிரித்தாள். "அடி, எனக்கு ஒண்ணுமே ஆகாதவளே! நாளைக்கும் இதே நேரத்துக்கு வந்து யாரும் இல்லன்னு சொல்லணும், கேட்டியா? இப்ப ஏறு, உனக்குக் கடை திறக்க நேரமாச்சு."