ஈரக் கவாத்து

அவளை எல்லாரும் ரம்பம் என்றுதான் கூப்பிடுவார்கள். வளவளவென்று பேசி அறுப்பவள் என்று நினைத்துவிடாதீர்கள். பேச்சு அவளிடம் மருந்துக்குத்தான் கிடைக்கும். இடுப்பில் எப்போதும் ஒரு மடக்கு ரம்பம் செருகியிருக்கும், அதனால் வந்த பெயர். கல்யாணம் ஒத்துவராமல் அவள் பிறந்த வீட்டுக்குத் திரும்பி வந்தபோது, "எல்லாத்தையும் வெட்டிட்டு வந்துட்டா" என்று தெருவே சிரித்தது. அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. மறுநாள் காலையில் திராட்சைத் தோட்டத்தில் கொடிகளை வெட்டிவிட்டுக் கவாத்து செய்துகொண்டிருந்தாள். அப்பா போன பிறகு அந்தத் தோட்டம் அவளுக்கும் அண்ணனுக்கும் பொதுவாக வந்தது.

அவள் வந்த நேரமோ என்னவோ, நாலைந்து வருஷத்தில் கொடிகள் சுணங்க ஆரம்பித்தன. துளிர்கள் குட்டையாக நின்றன. இலைகள் மஞ்சளித்து, ஓரம் கிழிந்து, நகத்தளவுக்கு மேல் வளர மாட்டேன் என்றன. அண்ணன் உரம் போட்டான், மருந்தடித்தான், கடைசியில் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டான். தோட்டக்கலை அதிகாரி வந்து ஒரு கொடியின் அடித்தண்டைக் குறுக்கே அறுத்துக் காட்டினார். வெள்ளைக் கட்டைக்குள் ஆப்பு இறக்கினாற்போல் ஒரு கரும்பழுப்பு.

"இது கட்டைக்குள்ள குடியிருக்கிற பூஞ்சைம்மா. யூடைப்பான்னு பேரு. இந்தப் பூஞ்சைக் குடும்பத்துல முக்கால்வாசி செத்த கட்டையைத் தின்னுட்டுச் சும்மா கிடக்கும். இது மட்டும் உயிரோட இருக்கிற கொடியில கை வைக்கும். மழை பெய்ஞ்சாத்தான் பட்ட கட்டையிலேருந்து கிளம்பும். புதுசா வெட்டின காயம் வழியா உள்ள போயிடும்."

அவளுக்குச் சுருக்கென்றது. அங்கே எல்லாரும் மழை விட்ட மறுநாள்தான் கவாத்துக்கு இறங்குவார்கள். நனைந்த கட்டை மெத்தென்று அறுபடும், கை நோகாது. வெட்டிப் போட்ட பட்ட கட்டைகளை அடுப்புக்காக வேலியோரம் அடுக்குவார்கள். குவியல் உயர உயர வீட்டுக்காரருக்குப் பெருமை. இவர்கள் வீட்டுக் குவியல் ஆளுயரம் நின்றது. பூஞ்சைக்கு வீட்டையும் கட்டிக் கொடுத்து, மழையில் கதவையும் திறந்து வைத்திருக்கிறார்கள். அதுவும் பெரும்பாலும் இவள் கையால்.

"கறுப்பு முடியிற இடத்துக்குக் கீழ வெட்டிடுங்க" என்றார் அதிகாரி. "வெட்டுவாய் முழுக்க வெள்ளையா தெரியணும். கீழயிருந்து துளிர் வந்தா அதையே கொடியா ஏத்தலாம். வராமலும் போகலாம்."

அண்ணன் காதில் கடைசி வார்த்தை மட்டும்தான் விழுந்தது. கொடிகளைப் பிடுங்கிவிட்டு நிலத்தை விற்றுவிடலாம் என்றான். அவள் சம்மதமில்லாமல் விற்க முடியாது. ஆனால் பிடுங்கிப் போட யார் சம்மதம் வேண்டும்? மண்வாரி வண்டிக்குச் சொல்லிவிட்டான். வண்டிக்காரனுக்குக் கையில் வேறு வேலை இருந்ததால், அடுத்த மாதம் வருகிறேன் என்றான்.

அந்த ஒரு மாதம் போதும் என்று அவள் கங்கணம் கட்டிக்கொண்டாள். முதலில் விறகுக் குவியலுக்கு நெருப்பு வைத்தாள். பிறகு வெயில் காய்ந்த நாட்களாகப் பார்த்து வரிசை வரிசையாக அறுத்தாள். முழங்கால் உயரத்தில் கறுப்பா, கணுக்கால் உயரத்துக்கு இறங்கினாள். காய்ந்த கட்டை இரும்பாக இருந்தது. உள்ளங்கை பொத்துப்போனது. பந்தல் வெறுங்கம்பியாக நின்றது.

"மொட்டைத் தோட்டம்டி உன் தோட்டம்" என்று வேலிக்கு அந்தப் பக்கம் யாரோ கெக்கலித்தார்கள்.

"மொட்டை போட்டா முடி முளைக்கும்ல? போய் உங்க வேலையைப் பாருங்க."

வண்டி வரும் அன்று வீட்டு வாசலில் நின்ற கொடி ஒன்றுதான் பாக்கி. அப்பா நட்டது, தொடைப் பருமன். விறகுக் குவியல் இருந்த இடத்துக்குப் பக்கத்திலேயே நின்றதும் அதுதான். இத்தனை நாள் அதைத் தாண்டித் தாண்டிப் போனாள், மனசு வரவில்லை. அன்று ரம்பத்தை விரித்துக்கொண்டு அதன் முன்னால் போய் நின்றாள். அண்ணன் ஓடிவந்து குறுக்கே நின்றான். தோட்டத்தையே பிடுங்கச் சொன்ன மகராசன்!

"அதை மட்டும் தொடாதே. அப்பா கை வெச்சது."

"அப்பா கை வெச்ச மத்ததெல்லாம் பொழைக்கணும்னா இதை வெட்டணும். தள்ளு."

தள்ளவில்லை. அவள் சுற்றிக்கொண்டு மறுபக்கம் போய் அறுக்கத் தொடங்கினாள். இடுப்புயரத்தில் கறுப்பு. முழங்காலில் கறுப்பு. மண்ணைத் தோண்டி வேர்க்கழுத்தில் அறுத்தாள், அங்கேயும் வெள்ளையே இல்லை. அவளுக்கு அழுகை வந்தது, கை மட்டும் நிற்கவில்லை. கொடி பந்தலோடு சரிந்து விழுந்தது.

அண்ணன் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். "அப்பாவையே வெட்டிட்டியேடி."

"அப்பா செத்து ரொம்ப நாளாச்சுண்ணா. இதுவும்தான். நாலு இலை இருந்ததால நமக்குத் தெரியல."

"இதுவும் போச்சு. இனிமே எதை வெச்சுடி இந்தத் தோட்டத்தைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறே?"

"என்னை வெச்சு."

முகத்தைத் துடைத்துக்கொண்டு அவள் விழுந்த கொடியைக் கொளுத்துவதற்கு இழுத்துப் போனாள். அண்ணன் அவள் போன வழியைப் பார்த்தான். இரண்டு பக்கமும் மொட்டைக் கட்டைகள். முதல் வரிசையில் ஒன்றுமில்லை. அதற்கடுத்த வரிசையில், வெட்டுவாய்க்குக் கீழே, பட்டையைப் பிளந்துகொண்டு சின்னச் சின்னதாகப் பச்சை. எழுந்து போய்க் குனிந்து ஒன்றைத் தொட்டுப் பார்த்தான். அடுத்ததையும் தொட்டுப் பார்த்தான்.

வாசலில் மண்வாரி வண்டி வந்து நின்றது.

"எங்கேருந்து ஆரம்பிக்கட்டும்ணே?" என்றான் வண்டிக்காரன்.

அண்ணன் அப்பாவின் கொடி நின்ற இடத்தைக் காட்டினான். "இந்த வேரை மட்டும் தோண்டி எடு. மத்த எதுமேலயாவது சக்கரம் பட்டுச்சு, உன்னைச் சும்மா விடமாட்டேன்."