ஐஸில் வைத்த கழித் தண்ணீர்

நடந்தது இது:

1. ஐப்பசி மழையில் பாகூர் பக்கத்து உப்பங்கழி நிரம்பியது. வெள்ளம் வடிய முகத்துவார மணலை ஜேசிபி வைத்து வெட்டினார்கள். ஆற்று நீரும் கடல் நீரும் கலந்தன.
2. கழிக்கரைக் குப்பத்தில் சிலருக்கு வயிற்றுப்போக்கு. எல்லோரும் தேறிவிட்டார்கள்.
3. யாரும் அடிக்காதபடி, அங்கிருந்த ஒரே அடிபம்பின் கைப்பிடியைச் சாக்குச் சுற்றிக் கட்டினார்கள்.
4. பம்பிலும் கழியிலும் நான் சாம்பிள் எடுத்தேன்.
5. இரண்டிலும் காலரா கிருமி வளரவில்லை.

ஐந்தாவதோடு வேலை முடிந்திருக்க வேண்டும்.

தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தில் நுண்ணுயிர் பிரிவு என் பொறுப்பு. எங்கள் மேடம் கிருமி வளர்க்கும் பிளேட்டுகளைப் பார்த்துவிட்டு, "கிளீனா இருக்குல்ல? எழுதிக் குடும்மா. பம்பைத் தொறக்கச் சொல்லி தெனம் போன் வருது" என்றார்.

என்னால் எழுத முடியவில்லை. பம்பு சுத்தமாக இருக்கலாம். கழி எப்படி இருக்கும்? காலரா கிருமிக்கு மனிதக் குடல் வந்து போகும் இடம்தான். அதன் சொந்த வீடு இப்படிப்பட்ட வெதுவெதுப்பான, உப்புக் குறைந்த தண்ணீர். கண்ணுக்குத் தெரியாத கூனிப்பூச்சிகளின் ஓட்டில் ஒட்டிக்கொண்டு, ஊரில் நோயாளியே இல்லாத காலத்திலும் அது அங்கே வாழும். பெரும்பாலும் நோய் தராத வகைதான். ஆனால் மழைக்குப் பிந்தைய கழியில் ஒன்றுகூட இல்லை என்றால் நம்புவது கஷ்டம்.

சாம்பிள் எடுத்த அன்று நான் பஸ்ஸில் வீட்டுக்குப் போய்விட்டேன். பாட்டில்கள் ஜீப்பில் வந்தன. டிரைவர் ஏழுமலை அண்ணனிடம் கேட்டேன்.

"அபிஷேகப்பாக்கத்தாண்ட வண்டி நின்னுபோச்சிம்மா. மெக்கானிக்கு காலையிலதான் வரேன்னுட்டான். மச்சான் மீன் பொட்டி இருந்திச்சி. ஐஸ அள்ளிப்போட்டு உள்ள பொதச்சி வச்சேன். ஒரு பாட்டில்கூட கெடல."

"ஐஸ்லயா?"

"மீனே அதுலதான் நிக்குது. தண்ணி நிக்காதா?"

அவர் மீன்காரக் குடும்பம். கடலிலிருந்து வருவது எதுவானாலும் முதலில் ஐஸ் என்பது அவர் கை அறிந்த பாடம். மற்றத் தண்ணீர் சோதனைகளுக்கு நாங்களே ஐஸ் வைக்கிறோம். இந்தக் கிருமிக்கு மட்டும் கூடாது. குளிர் பட்டால் இது உயிரோடு முடங்கிவிடும், பிளேட்டில் வளராது. செத்துவிட்டது என்று நாம் எழுதிக்கொள்வோம்.

மறுபடி குப்பத்துக்குப் போனேன். செல்வியக்கா பம்படியில் நின்றிருந்தார். இறால் உரிக்கும் கூலி வேலை அவருக்கு. மகள் பிரசவத்துக்கு வந்து, கைக்குழந்தையோடு இருந்தாள். தண்ணீர் முழுக்க மெயின் ரோட்டுக் குழாயிலிருந்து அவர் இடுப்பில்தான் வந்தது.

"ஒண்ணும் இல்லன்னு வந்திச்சாமே. இன்னாத்துக்கு மறுபடியும் பாட்டில தூக்கிகினு வந்துக்கீற?"

"சாம்பிள் சரியா வரலக்கா. இன்னொரு தடவ பார்த்துடறேன்."

"பார்த்துகினே இரு. எம் பேரன் பீத்துணி உன் லேபுக்கு அனுப்புறேன், அங்கயே அலசிக் குடு."

பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்திருப்பேன், அவர் கையில் இருந்த குடத்தைப் பார்க்காமலிருந்தால்.

இந்த முறை பாட்டில்களை வெறும் தெர்மோகோல் பெட்டியில், ஐஸ் இல்லாமல், என் மடியில் வைத்துக் கொண்டுவந்தேன். பெப்டோன் என்ற சத்து நீரில் கலந்து வளரவிட்டு, பிளேட்டில் தேய்த்தேன். கழித் தண்ணீர் பிளேட் முழுக்க காலரா கிருமிக்குரிய மஞ்சள் புள்ளிகள். அது எதிர்பார்த்ததுதான். பம்புத் தண்ணீரிலும் அதே புள்ளிகள். அதை எதிர்பார்க்கவில்லை. வகை பிரிக்கும் சீரம் சோதனையில் இரண்டுமே கொள்ளைநோய் வகை இல்லை. ஆனாலும் கழி நிலத்தடியில் கசிந்து பம்புக்குள் வந்துவிட்டது. இன்று வந்தது சாதாரண வகை. நாளை எது வரும் என்று யாராலும் கையெழுத்துப் போட முடியாது.

செல்வியக்காவிடம் நானே போய்ச் சொன்னேன். அவர் திட்டவில்லை. "அப்ப தொறக்க மாட்டீங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு இறால் கூடைக்குத் திரும்பினார். திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் எளிதாக இருந்திருக்கும்.

புதிதாக இந்த வேலைக்கு வருபவர்களுக்கு: கழித் தண்ணீரில் எதுவுமே வளரவில்லை என்றால், முதலில் பாட்டில் வந்த வழியை விசாரியுங்கள்.

இன்றைய நிலை: எங்கள் பெட்டியின் மேல் 'ஐஸ் வேண்டாம்' என்று ஏழுமலை அண்ணனே பெயின்டில் எழுதியிருக்கிறார். குப்பத்துக்குக் குழாய் கேட்டு மேடம் எழுதியிருக்கிறார், பதில் இல்லை. டேங்கர் வருகிறது, சில நாள் வருவதில்லை. பம்பில் சாக்கு அப்படியே இருக்கிறது. செல்வியக்கா மெயின் ரோட்டிலிருந்துதான் சுமக்கிறார்.