ரெம்பாவ் மேட்டுல கட்டை வச்சது யாரு?

பேய், ஆவின்னு யாராச்சும் ஆரம்பிச்சா எந்திரிச்சுப் போயிருவேன், அப்படிப்பட்ட ஆளு நான். நீங்க நம்பாட்டியும் பரவாயில்ல, சிரிக்காம கேளுங்க, அது போதும்.

மலாயாவுல ஜப்பான்காரன் ஆண்ட காலம். பெட்ரோல் கிடையாது, எங்க எஸ்டேட் லாரி கரி அடுப்புப் புகையிலதான் ஓடும், மேடு வந்தா மூச்சு வாங்கும். சின்னப்பன் அண்ணன் டிரைவர், நான் அவருக்குக் கெலிண்டான், அதான் லாரியில கூடப் போற கையாளு. மேட்டுல வண்டி பின்னால உருளப் பாத்தா நான்தான் குதிச்சு ஓடிப் பின்சக்கரத்துக்குக் கட்டை வைப்பேன், வச்சதும் பலகையில ரெண்டு தட்டு, போகலாம்னு அர்த்தம்.

எனக்குக் காய்ச்சல்னு அண்ணன் ஒரு நாள் தனியாப் போனாரு. ரெம்பாவ் ரோட்டுல சோதனை, மரவள்ளிக்கு அடியில கடத்தல் அரிசி இருந்துச்சுன்னு ஜப்பான்காரனுங்க அவரப் புடிச்சிட்டானுங்க. லாரி ரோட்டோரமே நின்னுச்சு. அதுக்கும் ஒரு சட்டம் வச்சிருந்தானுங்க பாருங்க: புடிபட்டவன் வண்டிய யாரும் தொடக்கூடாது, எடுத்துக்கோன்னு அவனுங்க சீட்டு வந்தா அன்னிக்கே எஸ்டேட் ஆளு வந்து எடுக்கணும், எடுக்கிறவன் ‘பழைய டிரைவர் இனி வரமாட்டான்’னு கைநாட்டு வைக்கணும். மனுசன் உயிரோட இருக்கும்போதே! த்தூ.

நாலாம் நாள் சீட்டு வந்துச்சு. ஓட்டத் தெரிஞ்சவன் நான் ஒருத்தன்தான். அண்ணி என் கையப் புடிச்சிக்கிட்டு, “தம்பி, நீ கைநாட்டு வச்சா அவர முடிச்சிருவானுங்க, வைக்காதய்யா”ன்னு அழுதாங்க. எஸ்டேட் கணக்கு பாக்குற கிராணி, “வைக்கலன்னா நாளைக்கு சயாம் ரயில் வேலைக்கு நீதான்லா”ன்னாரு. அங்க போனவன் எவன் திரும்பினான்? வச்சேன். பயந்தாங்கொள்ளிப் பய, வச்சிட்டேன்.

உச்சி வெயில், ரோட்டுல ஈ காக்கா இல்ல. தனியா ஓட்டிட்டு வர்றேன், பெரிய மேட்டுல எஞ்சின் திணறி வண்டி பின்னால உருளுது, பிரேக் புடிக்கல, பக்கத்துல பள்ளம். செத்தேன்னு கண்ண மூடுனேன். டொக்குனு நின்னுச்சு. பலகையில ரெண்டு தட்டு.

சத்தியமாச் சொல்றேன், கேட்டேன். திரும்பிப் பாக்கல, கியரப் போட்டு மிதிச்சேன், ஏறிருச்சு.

எஸ்டேட்டுக்கு வந்து பாத்தா லாரியில கட்டை இல்ல. கிளம்பும்போது இருந்துச்சு, நானே பாத்தேன். மறுநாள் மேட்டுக்குப் போய்த் தேடுனேன், அங்கயும் இல்ல. அண்ணனும் திரும்பி வரவே இல்ல.

மேடு ஏறுனதும் டிரைவர் வண்டிய நிறுத்தி, கட்டைய எடுத்துக்கிட்டு ஓடி வர்றவன ஏத்திக்கணும், அதுதான் எங்க வழக்கம். கொட்டுற மழையில கூட அண்ணன் எனக்காக நிப்பாரு. நான் நிக்கல. கையில கட்டையோட என் பின்னால எவ்வளவு தூரம் ஓடி வந்தாரோ.